பத்தொன்பது தலைக்கு ஒரு குல்லா

உலகத்தில் பெரிய ஆட்சியாளர்கள் இதுவரை மூன்றே பேர். அலெக்சாண்டர் நிலத்தை ஆண்டான். சீசர் நிலத்தோடு கொஞ்சம் கடலையும் சேர்த்து ஆண்டான். எங்கள் கிரிம்பரி ஊர் பார்னபி டட்டன், மனிதனுக்குப் புருவத்துக்கு மேலே என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் ஆண்டார். முதல் இரண்டு பேரும் செத்துப்போய்விட்டார்கள். ஆகவே இன்றைய தேதிக்கு இவர்தான் முதலிடம்.

ராஜ்ஜியம், எங்கள் கோயில் வாசல். சிம்மாசனம் ஒரு முக்காலி; அதில் ஒரு கால் குட்டை. செங்கோல் ஒரு குச்சி. சேனை என்று பார்த்தால் அவரேதான். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் ஆட்சி நடக்கும். மற்ற நாட்களில் வேலி கட்டுவார், பன்றி மேய்ப்பார், முழங்காலில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு செவெர்ன் ஆற்றைத் திட்டுவார். ஈரக்காற்று அங்கிருந்துதான் வருகிறதாம்.

எங்கள் பாதிரியார் தம் பெரிய நோட்டில் ஒரு மனிதனுக்கு மூன்று வரிதான் தருகிறார். ஞானஸ்நானம் ஒன்று, கல்யாணம் ஒன்று, அடக்கம் ஒன்று. பார்னபி மாமாவுக்குக் கல்யாணம் ஆகாததால் இரண்டு வரியோடு முடிந்துவிடும். ஒரு சக்கரவர்த்திக்கு இது போதாது என்று எனக்குப் பட்டது. எனக்கு எழுத்து பாதிதான் தெரியும். அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் குல்லா மிதிக்கிறவராக இருந்தார். கம்பளி நூலில் பின்னி முடித்த குல்லா முதலில் அண்டா மூடி அகலத்துக்குத் தொளதொளவென்று இருக்கும். அதைக் களிமண் கரைத்த வெந்நீர்த் தொட்டியில் போட்டு மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சுருங்கி, இறுகி, மழை இறங்காத குல்லாவாகும். இருபத்திரண்டு வருஷம் மாமா அந்தத் தொட்டிக்குள் நடந்தார். அந்த நடையை நேராக நீட்டிப் போட்டிருந்தால் எருசலேமுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். அவர் போனது தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மிச்சமானது இரண்டு: பிஷப்பின் கன்னம் போல வெளுத்து மெத்தென்றிருக்கும் பாதம், பழைய கதவு போலக் கிரீச்சிடும் முழங்கால்.

பிறகு ஊரில் ஆண்கள் தலையில் ஃபெல்ட் தொப்பி முளைத்தது. கடல் தாண்டி வந்த தொப்பி. மழைக்கு விளிம்பு, வெயிலுக்கு விளிம்பு, வேண்டாதவன் எதிரே வந்தால் இழுத்துவிட்டுக்கொள்ள விளிம்பு. குல்லாவுக்கு விளிம்பு கிடையாது. அதோடு குல்லாவின் கதை முடிந்தது. எட்டுத் தொட்டிகளில் ஏழு தொட்டிகளைக் கவிழ்த்துப் பன்றித் தொழுவத்துக்குச் சுவர் ஆக்கினார்கள். எட்டாவதை மாமா வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

லண்டனில் பெரிய மனிதர்கள் கூடி யோசித்தார்கள். குல்லா விற்கவில்லை, அதனால் ஏழைகளுக்கு வேலை இல்லை. ஏழைகளுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஏழைகள் குல்லா வாங்க வேண்டும். பெரிய மனிதர்கள் வாங்க வேண்டியதில்லை. அவர்கள்தான் சிரமப்பட்டு யோசித்துக் கொடுத்திருக்கிறார்களே.

அப்படிச் சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஞாயிறு, பண்டிகை நாட்களில் இங்கிலாந்தில் பின்னிய கம்பளிக் குல்லாவைத் தலையில் அணிந்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு நாற்பது பென்னி அபராதம். பிரபுக்களுக்கு விலக்கு. நிலபுலன் உள்ள கனவான்களுக்கு விலக்கு. ஊரில் பெரிய பதவி பார்த்தவர்களுக்கு விலக்கு. சீமாட்டிகளுக்கும் கல்யாணமாகாத பெண்களுக்கும் விலக்கு. எனக்குப் பதினாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மகாராணியின் சட்டத்துக்கு என் தலை கண்ணுக்கே தெரியாது. இந்தக் கதையில் அது பல இடங்களில் சௌகரியமாக இருந்தது.

வாசலில் உட்கார்ந்து தலை பார்க்க ஆள் வேண்டும் என்றபோது ஊர்ப் பெரியவர்கள் யாரும் முன்வரவில்லை. குல்லாவால் வாழ்ந்து குல்லாவால் கெட்ட ஒரே ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் அதை ஞானஸ்நானம் மாதிரி ஏற்றுக்கொண்டார். ஊர் அதைக் கூத்து மாதிரி ஏற்றுக்கொண்டது.

முதலில் வந்தது பிரிஜெட் கிழவி.

“எங்க குல்லா?”

“நான் கன்னிப் பொண்ணுய்யா. எனக்கு விலக்கு உண்டு.”

“உனக்கு அறுபத்து மூணு வயசு.”

“சட்டத்துல வயசு போட்டிருக்கா? நாலு பேரு என்னைக் கேட்டு வந்தாங்க. ஒருத்தன் மூஞ்சியும் பிடிக்கல. அதுல ஒரு மூஞ்சி இப்பவும் முக்காலி போட்டு எனக்கு எதிர்ல உக்காந்திருக்கு.”

மாமா குச்சியைத் தரையில் தட்டினார். “உள்ள போ, உள்ள போ. ஜபம் ஆரம்பிக்கப்போவுது.”

தையற்காரர் கிளெமன்ட் பச்சை ஃபெல்ட் தொப்பியோடு வந்து, தான் கனவான் என்றார். எங்கே நிலம் என்று மாமா கேட்டார். மாமியார் வழியில் உண்டு என்று பதில் வந்தது. மாமா நம்பிவிட்டார். இரண்டே மாதத்தில் கனவான்களிடம் வரி வசூலிக்கும் ஆட்கள் ஊருக்கு வந்து, கிரிம்பரியில் புதிதாக யார் கனவான் ஆகியிருக்கிறார் என்று விசாரித்தார்கள். ஊரே ஒரே குரலில் கிளெமன்ட் வீட்டைக் காட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளெமன்ட் இரவல் வாங்கிய குல்லாவை இரண்டு காதும் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, தான் பிறவி ஏழை என்று வாசலில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார்.

வாய்க்கால் வெட்டும் வில்கினுக்கு இப்படிப் பொய் சொல்லத் தெரியாது. அவனிடம் குல்லாவும் இல்லை, தொப்பியும் இல்லை, தலைமுடி மட்டும்தான். நாற்பது பென்னி அபராதம் விழுந்தது. கோழிகளை விற்றுக் கட்டினான். அபராதத்தில் பாதி ஏழைகள் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். கோழி போனதால் வில்கின் ஊரிலேயே பெரிய ஏழையாகிவிட்டான். ஆகவே அந்தப் பெட்டியிலிருந்து வாரம் நான்கு பென்னி அவனுக்கே கொடுத்தார்கள். தன் பணத்தையே ஐந்து வாரம் தர்மமாக வாங்கி, ஒவ்வொரு வாரமும் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். குல்லா வாங்க மட்டும் அவனுக்கு அப்போதும் வழியில்லை.

மாமாவை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. குல்லா விஷயத்தில் அவர் பண்டிதர். எந்தக் குல்லாவையும் உள்பக்கம் புரட்டி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் பின்னிய கை யாருடையது என்று சொல்லிவிடுவார். இவள் இடதுகைக்காரி, இவள் கோபக்காரி, இவள் பின்னும்போது யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள் என்பது வரை வரும். ஆனால் கிரிம்பரியில் இந்த வித்தைக்கு அதிக வேலை இல்லை. ஊரில் மிச்சமிருந்த பின்னும் கை ஒரே ஒரு ஜோடிதான். அது மார்ஜெரி அக்காவுடையது.

நன்றாகக் கவனிக்க வேண்டும். மகாராணி, பார்லிமென்ட், முத்திரை, நாற்பது பென்னி, முக்காலி, குச்சி, இத்தனையும் காப்பாற்ற நினைத்த உள்நாட்டுத் தொழில் எங்கள் ஊரில் மார்ஜெரி அக்கா. வேலை கொடுக்கப்பட வேண்டிய ஏழை மக்களும் மார்ஜெரி அக்காவேதான். கிழக்குத் தெருவில் ஒற்றை அறை, நான்கு ஊசி, ஒரு கூடை.

அவள் பிறந்தது வேல்ஸ் பக்கம். வேறு ஊர்களில் வளர்ந்து, படகுக்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். படகுக்காரனை ஆறு கொண்டுபோய்விட்டது. ஊர்ச் சிறுமிகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடு என்று ஒரு சமயம் அவளை வைத்தார்கள். நானும் இரண்டு வாரம் போனேன். நான் பின்னிய குல்லாவை மாமா குச்சி நுனியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏ ஆட்ரி, இது குல்லாவா, சல்லடையா?”

“ஏன் மாமா?”

“உச்சிக்கு வரவர பின்னல் கண்ணியைக் குறைச்சுக்கிட்டே வரணும். நீ மறந்துட்டு மறந்துட்டு ஞாபகம் வர்றப்ப ஒரேயடியா குறைச்சிருக்க. நடுவுல ஒரு பொத்தல். இதைப் போட்டா மண்டைக்குள்ள மழை பெய்யும்.”

மார்ஜெரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “பொத்தல் இருந்தா என்ன, காத்து வரும்” என்றாள். அதோடு நான் பின்னல் பக்கமே போகவில்லை.

இனி பென்னக். அவர் பஜாரில் ஃபெல்ட் தொப்பிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் அவரே ஏழைகளின் விசாரணைக்காரரும்கூட. யாருக்குத் தர்மம், யார் ஊரில் இருக்கலாம், யாரை வண்டியில் ஏற்றிப் பிறந்த ஊருக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அவர் கையில். தொப்பி விற்கிறவர் கையில் குல்லா பின்னுகிறவள் குடுமி. இதில் எந்தத் தவறும் இல்லை என்று அவரே விசாரித்து முடிவு செய்திருந்தார்.

அறுவடை முடிந்த ஒரு நாள் அவர் மாமாவிடம் வந்தார்.

“நான் கெட்டவனில்ல டட்டன். ஆனா அவ நம்ம ஊர்ல பிறந்தவ இல்ல. விக்காத குல்லாவ மடியில வச்சுக்கிட்டு எத்தன நாள் இருப்பா? நாளைக்கு ஊர்ச் சோறுதானே?”

“பின்னிக்கிட்டுத்தானே இருக்கா, முதலாளி.”

“பின்னினா போதுமா? செப்டம்பர் கடைசியில வர்ற மைக்கேல்மஸ் பண்டிகைக்குள்ள ஒரு டஜன் பின்னி, ஒரு டஜனையும் விக்கட்டும். உழைச்சுத் திங்கிறவதான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன். ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி.”

மார்ஜெரி அக்கா பிறந்த ஊரை விட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அங்கே அவளுக்குத் தெரிந்தது ஒரு புளிப்பு ஆப்பிள் மரம் மட்டும்தான். அதுவும் இப்போது இருக்கிறதோ என்னவோ.

அன்றிலிருந்து மாமாவின் குச்சி வேகமாக ஆடியது. இவ்வளவு நாள் பாதி விளையாட்டாக விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு தலையையும் விடவில்லை. கடைசியில் ஊர் பயந்தது. குல்லா ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. அபராதம் நாற்பது. வாங்கித் தொலைத்துவிடலாமா என்று பத்தொன்பது ஆண்கள் சாராயக் கடையில் உட்கார்ந்து யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

அப்போதுதான், பத்தொன்பது தலைக்குப் பத்தொன்பது குல்லா எதற்கு, ஒன்று போதாதா என்ற யோசனை பிறந்தது. யாருடைய யோசனை என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பக்கம் விரல் நீட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது தற்செயல்.

என் செத்துப்போன அப்பாவின் பழுப்புக் குல்லா ஒன்று வீட்டில் கிடந்தது. கோயிலுக்குள் போனதும் ஆண்கள் தலையில் இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். அது எவ்வளவு பெரிய வசதி! முதல் ஆள் குல்லாவோடு வாசலைத் தாண்டுவான். உள்ளே போய்க் கழற்றுவான். உடைந்த ஜன்னல் வழியாக வெளியே எறிவான். வெளியே ஒரு கை பிடித்து அடுத்தவன் தலையில் வைக்கும். அந்தக் கை யாருடையது என்று எழுத இடமில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். குல்லா மேல் குல்லாவாக வருகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழாவது ஆளை நிறுத்தி, ஆசையாகக் குல்லாவைக் கழற்றி, உள்பக்கம் புரட்டிக் கட்டைவிரலால் தடவினார். முகம் மெதுவாக இறங்கியது.

“இது உர்சுலா பின்னினது. அவ செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரே வாரத்துல ஏழு பேருக்கு எப்படிய்யா பின்னிக் குடுத்தா?”

வழக்கு பாதிரியாரிடம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தை இரண்டு தடவை படித்தார்.

“தலையில் அணிந்திருக்க வேண்டும்னு இருக்கு, டட்டன். சொந்தமா வச்சிருக்கணும்னு இல்லையே.”

“ஒரே குல்லா சாமி!”

“அணியும்போது அணிந்துதானே இருக்கிறான்?”

அதற்குப் பிறகு ஜன்னல் தேவைப்படவில்லை. மாமாவின் மூக்குக்கு முன்னாலேயே வரிசையில் நின்று, ஒருவன் தலையிலிருந்து எடுத்து அடுத்தவன் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். சில பேர் போகும்போது அதைத் தூக்கி மாமாவுக்கு மரியாதை வேறு செய்தார்கள். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும்தான்.

கோயில் வாசலில் பென்னக் மட்டும் வேறு மாதிரி சிரித்தார். “பாத்தியா டட்டன், ஊர் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்குது. அபராதம் கட்டுறவனும் இல்ல, குல்லா வேணும்ங்கிறவனும் இல்ல. உன் ஆட்சி பொற்காலம்யா.”

அவர் போன பிறகுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. பத்தொன்பது பேர் வாங்காவிட்டால் மார்ஜெரி அக்கா யாருக்கு விற்பாள்? இதை நான் ஒரு மாதம் முந்தியே யோசித்திருக்கலாம். எனக்கு எழுத்து மாதிரியே கணக்கும் பாதிதான் வரும்.

மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வில்கின் வாசலில் நின்று, “ஒண்ணு வாங்குய்யா” என்றார்.

“எனக்குத்தான் இருக்கே. எட்டாவது இடம்” என்றான் வில்கின், ரொம்ப நேர்மையாக.

விற்காவிட்டாலும் டஜனையாவது முடித்துவைப்போம் என்று மார்ஜெரி அக்கா பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பின்னியதையெல்லாம் மாமா தன் எட்டாவது தொட்டியில் போட்டுக் கூலியில்லாமல் மிதித்தார். முழங்கால் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதைத் தொடங்கும் முன் அவளுக்கு வலது ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்து, விரல் காரட் மாதிரி வீங்கிவிட்டது. ஊசியைப் பிடிக்கவே முடியவில்லை. பண்டிகைக்கு ஆறு நாள் பாக்கி.

மைக்கேல்மஸ் காலையில் வெயில் நன்றாக அடித்தது. பென்னக் சொன்னபடி வண்டியோடு வந்தார். கட்டில், சட்டி, முக்காலி, குல்லாக் கூடை எல்லாம் ஏற்றியாயிற்று. பண்டிகை நாளில் கோயிலுக்கு வராவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு. ஆகவே ஜபம் முடிந்ததும் அனுப்பலாம் என்று வண்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவைத்தார். சட்டத்தை மதிக்கிற மனுஷர். மார்ஜெரி அக்கா சுத்தமான மேலங்கி போட்டுக்கொண்டு, வீங்கிய விரலைத் துணியில் சுற்றி மறைத்தபடி வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் வீட்டுப் பூனை இனி யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, “அது யாரையும் நம்பி இல்ல” என்று பதில் சொன்னாள்.

மாமா முக்காலியில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்தார். வரிசை தொடங்கியது.

முதல் தலை கிளெமன்ட். குல்லாவைப் போட்டார், தாண்டினார், பின்னால் கொடுத்தார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது ஆள் போட்டபோது கிளெமன்ட் தலையைச் சொறிந்தார். ஐந்தாவது ஆள் போட்டபோது கிளெமன்ட் இரண்டு கையாலும் சொறிந்தார். ஏழாவது ஆள் தாண்டியபோது, உள்ளே முன்னால் போன ஆறு பேரும் ஞானஸ்நானத் தொட்டிக்குள் தலையை முக்க முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

வேலி ரோஜாக் காய் எங்கள் பக்கம் அந்த மாதத்தில்தான் சிவப்பாகப் பழுக்கும். பிளந்தால் உள்ளே விதையைச் சுற்றிப் பொன் நிறத்தில் மயிர் போல இருக்கும். அது தோலில் பட்டால் பிசாசே உட்கார்ந்து கோலம் போடுகிற மாதிரி அரிக்கும். அது எப்படி அந்தக் குல்லாவுக்குள் அத்தனை போனது என்று இன்றுவரை தெரியவில்லை. காற்று அடித்திருக்கும்.

எட்டாவது இடம் வில்கினுக்கு. குல்லாவைக் கையில் வாங்கினான். கோயிலுக்குள்ளே பார்த்தான். குல்லாவைப் பார்த்தான்.

“பேனு!” என்று கத்திவிட்டு அதை வாசலோரத்து ஆப்பிள் மரத்துக்கு மேலே வீசினான்.

“பேனில்லய்யா, சொறி!” என்றான் பின்னால் ஒருவன்.

“கொள்ளை நோய்!” என்றான் அதற்கும் பின்னால் ஒருவன்.

பன்னிரண்டு பேர் வெறுந்தலையோடு வெயிலில் நின்றார்கள். முக்காலி கிரீச்சிட்டது, அல்லது முழங்கால். மாமா எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உயரமாகத் தெரிந்தார்.

“குல்லா இல்லாம இந்த வாசலைத் தாண்டுறவனுக்கு நாப்பது பென்னி.”

“அந்தச் சனியனை நாங்க போட மாட்டோம், பார்னபி!”

“போட வேணாம். வேற போடுங்க.”

“வேறதுக்கு எங்கய்யா போறது, இந்நேரத்துக்கு?”

மாமா குச்சியை மெதுவாகத் தூக்கி வண்டியைக் காட்டினார்.

பன்னிரண்டு தலையும் வண்டிப் பக்கம் திரும்பின. பிறகு பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். வண்டிக் குதிரை மிரண்டது. ஷில்லிங்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருவன் சக்கரத்தின் மேல் ஏறினான். வில்கினிடம் ஷில்லிங் ஏது? பண்டிகைக்கு வளர்த்த வாத்தைக் கொண்டுவந்து மார்ஜெரி அக்கா கையில் வைத்தான். ஏழைக்கு வேலை கொடுக்க ஏழை தன் வாத்தைக் கொடுத்தான். லண்டனில் யோசித்தது அப்படியே இம்மி பிசகாமல் நடந்தது. அன்று மத்தியானம் மார்ஜெரி அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவனும் வந்து தன் வாத்தையே தின்றுவிட்டு, ரொம்ப நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அது பழக்கம்தான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பென்னக் வண்டிப் பக்கத்தில் நின்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். “ஒம்பது... பத்து... பதினொண்ணு.” நிறுத்தினார். சிரித்தார்.

“முடிஞ்சுது டட்டன். காலையில நானே எண்ணி ஏத்தினேன். கூடையில பதினொண்ணுதான். நான் சொன்னது டஜன்.”

மாமாவின் கையிலிருந்து குச்சி விழுந்தது. மார்ஜெரி அக்கா கட்டிலைப் பார்த்தாள்.

கடைசி ஆள் படகோட்டி ஜைல்ஸ். அவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. கூடைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினான். அடித்துணிக்குக் கீழேயிருந்து இன்னொரு குல்லாவை உருவித் தலையில் வைத்தான். அது சரியாக வேகாத புட்டிங் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. ஷில்லிங்கை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினான்.

மார்ஜெரி அக்கா அந்தக் குல்லாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு கூட்டத்தில் ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“பதினொண்ணுதான் ஏத்தினேன்!” என்று பென்னக் குதித்தார்.

“தலையை எண்ணுங்க முதலாளி” என்றார் மாமா.

பாதிரியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து எண்ணினார். பன்னிரண்டு தலை, பன்னிரண்டு குல்லா. இரண்டாம் தடவை எண்ணியபோதும் அதேதான்.

“கடைக்காரர் எண்ணிக்கையில ஒண்ணு குறையிறது வழக்கம்தானே” என்று உள்ளேயிருந்து பிரிஜெட் கிழவி சொன்னாள். அவ்வளவுதான், சிரிப்பில் கோயில் மணியே ஆடியிருக்கும். கட்டிலை இறக்க ஆறு பேர் ஓடினார்கள். பென்னக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

அரிப்பெடுத்த ஏழு பேரும் அடுத்த ஞாயிறுக்குக் குல்லா சொல்லிவைத்தார்கள். நகச்சுற்று ஆறியதும் மார்ஜெரி அக்கா பின்ன உட்கார்ந்தாள். பென்னக் இப்போது அவளிடம் குல்லா எட்டுப் பென்னிக்கு வாங்கி, அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பதினான்குக்கு விற்கிறார். கடை வாசலில், தான் ஏழைகளுக்கு வேலை கொடுக்கிறவர் என்று எழுதி மாட்டியிருக்கிறார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துப் போன வாரம் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, வெந்நீர்ச் சட்டியில் கால் வைத்துக்கொண்டு கேட்டார். அலெக்சாண்டர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். பிஷப்பின் கன்னத்துக்குத் தம் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிரிஜெட்டைப் பற்றியதை மட்டும் அடித்துவிடச் சொன்னார். அடிக்கிற மாதிரி காட்டினேன்.

“ரோஜாக் காய் காத்துல வந்துச்சுன்னு எழுதியிருக்கியா?”

“ஆமா மாமா.”

“சரி. காத்துதான். வேலி ஓரமாத்தான் போச்சு அந்தக் காத்து, மடியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு. நான் பாத்தேன்.” சட்டியில் காலை மாற்றி வைத்தார். “ஆனா கணக்கு இடிக்குதே. நான் மிதிச்சது பதினொண்ணுன்னு படிச்ச. பென்னக் எண்ணினதும் பதினொண்ணு. வித்தது பன்னெண்டா?”

“கூடை அடியில ஒண்ணு இருந்திருக்கும் மாமா.”

அவர் கையை நீட்டிச் சுவர் ஆணியிலிருந்து ஒரு குல்லாவை எடுத்தார். ஜைல்ஸ் மிதித்துத் தரச்சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதாம். மழையில் மூக்குவரை இறங்கிவிட்டதாம்.

“இதைப் படி” என்றார்.

“இது எழுத்தில்லையே, குல்லா.”

“எனக்கு இதான் எழுத்து.” உள்பக்கம் புரட்டிக் கட்டைவிரலால் தடவினார். “ஒரு தடவகூட மிதிபடல. அவசரமா பின்னியிருக்கு. அஞ்சாறு நாள்ல, யாருக்கும் தெரியாம, பயந்து பயந்து. இது எங்கேருந்து வந்துச்சு?”

நான் காகிதத்தை மடித்தேன். “காத்துல வந்திருக்கும்.”

மாமா குல்லாவை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். உச்சியிலிருந்த பொத்தல் வழியாக அவருடைய வெளுத்த விரல் வெளியே வந்து, என்னைப் பார்த்து ஆடியது.

“காத்து பின்னுறப்பவும், புள்ள, உச்சியில கண்ணியைக் குறைக்க மறந்துடுமா?”